எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம்: கல்லீரலுக்காக ஒரு திரவ உணவு

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும்போது மருத்துவமனையில் ஒரு தாளையும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் திரவ உணவு மட்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தாள் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தால், வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கஞ்சி. காய்ச்சல் வந்தால் நொய்க்கஞ்சி, ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசலில் கேழ்வரகுக் கூழ், ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசலில் நோன்புக்கஞ்சி என்று நீராகக் குடித்துப் பசியாறுவது வடசென்னைக்குப் புதிதல்ல. "இரண்டு வாரம்தானே, கஞ்சி குடிச்சே ஓட்டிடலாம்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

மருத்துவர் சொல்லும் திரவ உணவில் இந்த மூன்றுக்குமே இடமில்லை. காரணம் தெரியாமல் கஞ்சியையே குடித்துக்கொண்டிருந்தால், பதினான்கு நாளும் பட்டினி கிடந்த களைப்பு மிஞ்சும், எதற்காக இருந்தோமோ அது நடந்திருக்காது. காரணம் புரிந்துவிட்டால், எதைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்பதை அனேகமாக நீங்களே முடிவு செய்துவிடலாம். அந்தக் காரணத்தையும், இந்த இரண்டு வாரத்தைப் பாதுகாப்பாகக் கடக்கும் வழியையும் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

யாருக்கு இந்த ஆபரேஷன்?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவையில்லை. உணவு, நடை, மருந்து என்று முயன்றும் எடை இறங்காமல், சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சடைப்பு, மூட்டுத் தேய்மானம் என்று உடல் தொடர்ந்து கெட்டுக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் அது.

எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் பிஎம்ஐ என்ற எண்ணை வைத்து மருத்துவர்கள் தொடங்குவார்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 160 சென்டிமீட்டர் உயரமும் 96 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு அது 37.5. இந்தியாவில் நீண்ட காலமாகப் பின்பற்றப்படும் அளவு, 37.5க்கு மேல், அல்லது எடையால் வந்த நோய்களோடு 32.5க்கு மேல். 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், ஆசிய மக்களுக்கு 27.5 முதலே பரிசீலிக்கலாம் என்று எல்லையைக் கீழே கொண்டுவந்தது. நம் உடல்வாகுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதுதான் காரணம்.

இப்போது அதிகமாகச் செய்யப்படுபவை இரண்டு. முதலாவது ஸ்லீவ். இதில் இரைப்பையின் முக்கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் வெட்டி எடுக்கப்பட்டு, வாழைப்பழ அளவில் ஒரு குழாய் மிஞ்சும். இரண்டாவது பைபாஸ். இரைப்பையின் மேற்பகுதியில் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் லேப்பராஸ்கோபி முறையில், வயிற்றில் சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் விட்டுச் செய்யப்படுகின்றன.

வேலை கல்லீரலில்

திரவ உணவுக்கான காரணம் அந்தச் சிறு துளைகளில்தான் இருக்கிறது. இரைப்பையின் மேற்பகுதியை, உணவுக்குழாய் வந்து சேரும் இடத்தை, கல்லீரலின் இடது மடல் மூடியிருக்கிறது. லாரிச் சரக்கின் மேல் போர்த்திய தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தால்தான் உள்ளே கை வைக்க முடியும். அதுபோல அந்த மடலை ஒரு கருவியால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் சர்ஜன் இரைப்பையைத் தொட முடியும்.

அதிக எடை உள்ள பலருக்கு, ஸ்கேன் அறிக்கையில் ஃபேட்டி லிவர் என்று வரும் கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது. அது வீங்கிக் கனமாக, எளிதில் கிழியும் நிலையில் இருக்கும். அதைத் தூக்கும்போது கீறல் விழுந்தால் ரத்தம் கசியும். கேமராவுக்கு இடம் தெரியாமல் போகும். ஆபரேஷன் நேரம் நீளும். சில சமயம் சிறு துளையை விட்டு வயிற்றைப் பெரிதாகத் திறக்க நேரும். அரிதாக, அன்று எதுவும் செய்யாமல் மூடிவிட்டு வேறு தேதி கொடுக்கவும் வேண்டியிருக்கும்.

கல்லீரல் நம் உடலின் மாவுச்சத்துக் கிடங்கு. சோறு, இட்லி, சர்க்கரை எதைத் தின்றாலும் அது குளுக்கோஸாகி, மிச்சம் கிளைக்கோஜன் என்ற பெயரில் கல்லீரலில் தங்குகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைக்கும். மாவுச்சத்து வருவதை வெகுவாகக் குறைத்தால் சில நாட்களில் அந்தக் கையிருப்பு கரையும், தண்ணீரும் சேர்ந்து போகும். அதன்பின் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கல்லீரலில் படிந்த கொழுப்பு வேகமாகக் குறையும்.

2006இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 32 பேருக்கு 12 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து ஸ்கேனில் அளந்தார்கள். கல்லீரலின் அளவு சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு வரை சுருங்கியது. அந்தச் சுருக்கத்தில் 80 சதவீதம் முதல் இரண்டு வாரத்திலேயே நடந்துவிட்டது. பல மருத்துவமனைகள் இரண்டு வாரம் என்று வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கிய ஆதாரம். 2011இல் ஐரோப்பாவில் 298 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், 14 நாள் இப்படி இருந்துவிட்டு வந்தவர்களின் ஆபரேஷன் சர்ஜன்களுக்கு எளிதாக இருந்தது. அடுத்த 30 நாளில் வந்த சிக்கல்களும் அவர்களிடம் குறைவு. எல்லா மருத்துவமனையிலும் ஒரே கால அளவு இல்லை. சிலருக்கு ஒரு வாரம், கல்லீரல் மிகவும் வீங்கியிருந்தால் மூன்று, நான்கு வாரம். உங்கள் மருத்துவர் சொன்னதே உங்களுக்கான கணக்கு.

இந்த நாட்களில் தராசு முள் எங்கே நிற்கிறது என்று கவலைப்பட வேண்டாம். சில கிலோ இறங்கும். அதில் கணிசமான பங்கு தண்ணீர். நாம் குறிவைப்பது கல்லீரலை.

எது ஆகும், எது ஆகாது

கல்லீரலுக்குள் மாவுச்சத்து அதிகம் போகக் கூடாது, அதே சமயம் தசை கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும், தண்ணீர் குறையக் கூடாது. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் எது ஆகும், எது ஆகாது என்று தெளிவாகிவிடும்.

கஞ்சியும் கூழும் நீராக இருந்தாலும் அவை சோறும் களியும்தான். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதைக் குழைய வேகவைத்துத் தண்ணீர் ஊற்றினாலும் அந்த 78 கிராம் எங்கும் போய்விடாது. கேழ்வரகு, கம்பு, ஓட்ஸ், சத்துமாவு எல்லாம் இதே கணக்கு. நோன்புக்கஞ்சியில் அரிசியோடு கறியும் எண்ணெயும் சேரும். மற்ற நாளில் இவை நல்ல உணவுகள்தான். இந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் வேண்டாம்.

பழச்சாறு, கரும்புச்சாறு, ரோஸ் மில்க், சர்பத், சோடா, கலர் எதுவும் கூடாது. நோயாளியைப் பார்க்க வருபவர்கள் அன்போடு வாங்கி வரும் ஹார்லிக்ஸ், பூஸ்ட் போன்ற மால்ட் பானங்களிலும் குளுக்கோஸ் பொடியிலும் பெரும்பகுதி சர்க்கரையும் மாவும்தான். இளநீரில் சர்க்கரை குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை, பொட்டாசியமும் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாகக் குடிக்கக் கூடாது, மற்றவர்களும் உணவு ஆலோசகரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். மது அறவே ஆகாது. அது நேராகக் கல்லீரலைத்தான் தாக்கும்.

குடிக்கக் கூடியவை: தண்ணீர், சீரகத் தண்ணீர், உப்பு போட்ட நீர்மோர், கொழுப்பு குறைந்த பால், புரோட்டீன் பவுடர் கலந்த பால் அல்லது தண்ணீர், சர்க்கரை இல்லாத டீ, காபி, வடிகட்டிய காய்கறி சூப், கொழுப்பை எடுத்துவிட்ட கோழி அல்லது எலும்புச் சாறு, பருப்புக் கட்டி இல்லாத தெளிந்த ரசம், நண்டு அல்லது மீன் வேகவைத்து வடித்த சாறு. பல்லில் கடிபடும் எதுவும் தம்ளரில் இருக்கக் கூடாது என்பது எளிய அடையாளம்.

பால் பாக்கெட்டின் நிறத்தையும் பாருங்கள். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். நீலத்தை வாங்குங்கள். காய்ச்சி ஆறியதும் ஆடையை எடுத்துவிடுங்கள்.

ஒரு நாளின் கணக்கு

பெரும்பாலான மருத்துவமனைகள் ஒரு நாளைக்கு 800 முதல் 1,200 கலோரியும், 60 முதல் 80 கிராம் புரதமும் என்று சொல்கின்றன. அதை ஒரு நாளில் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதற்கு ஒரு மாதிரி இதோ.

காலை 6.30 மணிக்கு 100 மில்லி பால் விட்ட, சர்க்கரை இல்லாத டீ.
காலை 8.30க்கு 200 மில்லி பாலில் 20 கிராம் புரதம் தரும் ஒரு கரண்டி புரோட்டீன் பவுடர்.
காலை 11 மணிக்கு ஒரு பெரிய தம்ளர் நீர்மோர்.
மதியம் 1 மணிக்கு மறுபடியும் 200 மில்லி பாலில் ஒரு கரண்டி பவுடர், கூடவே தெளிந்த ரசம்.
மாலை 4 மணிக்கு டீ, காலையில் குடித்த அளவே.
மாலை 6.30க்கு ஒரு கிண்ணம் வடிகட்டிய சூப்.
இரவு 8.30க்கு 200 மில்லி பால்.
இவற்றுக்கு இடையிடையே தண்ணீர்.

இதில் ஏறத்தாழ 800 கலோரியும், 65 முதல் 70 கிராம் புரதமும் சேரும். பாலில் உள்ள இயற்கைச் சர்க்கரையோடு மாவுச்சத்து 50 கிராமை ஒட்டியே நிற்கும். பால் குடித்தால் வயிறு கலக்குகிறவர்கள் பவுடரைத் தண்ணீரிலோ மோரிலோ கலந்துகொள்ளலாம். புரோட்டீன் பவுடர் விலை கட்டுப்படி ஆகவில்லை என்றால் அதை ஆலோசகரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் விலை குறைவு. அதன் 100 கிராமில் ஏறத்தாழ 35 கிராம் புரதம் உண்டு. ஆனால் சர்க்கரையும் சேர்ந்தே வருவதால் அளவை அவர் கணக்கிட்டுத் தர வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பவுடர் டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். எடை கூட்டுவதற்கென்று ஜிம்களில் விற்கும் பவுடர்களில் மாவுச்சத்து கொட்டிக் கிடக்கும். ஒரு கரண்டியில் புரதம் 20 கிராமுக்குக் குறையாமலும், சர்க்கரை 5 கிராமுக்குக் கீழும் இருப்பதைத் தேடுங்கள்.

நாக்குக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

பலர் பசியால் தோற்பதில்லை, இனிப்பான பவுடர் பாலைத் திரும்பத் திரும்பக் குடித்து நாக்கு செத்துப்போய்த்தான் தோற்கிறார்கள். காரசாரமாகச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு, உப்பும் காரமும் புளிப்பும் உள்ள சூடான ஏதாவது ஒன்று நாளுக்கு இருமுறை வேண்டும்.

காசிமேட்டில் வாங்கிய நண்டை இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப்போட்டு வேகவைத்து, துணியில் வடித்துவிட்டால் அருமையான சாறு கிடைக்கும். எண்ணெய் விட்டுத் தாளிக்க வேண்டாம். ஆட்டெலும்புச் சாறு வைத்தால் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே உறையும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்தெறிந்துவிட்டு மறுபடி சூடாக்குங்கள். முருங்கைக்கீரை, சுரைக்காய், பூசணி, தக்காளி எதையும் வேகவைத்து வடிகட்டலாம். உருளைக்கிழங்கு, மரவள்ளி, சோளம், பட்டாணி வேண்டாம். கடைச் சூப்பில் கெட்டியாக்க மைதாவோ சோளமாவோ சேர்ப்பார்கள், தவிர்த்துவிடுங்கள். மோரில் பெருங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி நசுக்கிப் போட்டு வடித்தால் மாலைப் பசி அடங்கும்.

சூப்பில் உப்பு சேர்ப்பதற்கு நாக்கைத் தாண்டிய ஒரு காரணமும் உண்டு. மாவுச்சத்து குறையும்போது உடல் தண்ணீரோடு உப்பையும் வெளியேற்றும். முதல் நாட்களில் வரும் தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும் இது ஒரு காரணம். ஆனால் இதய நோய், சிறுநீரக நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன உப்பளவைத் தாண்டக் கூடாது.

முதல் நான்கு நாள்தான் கடினம்

இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். முதல் மூன்று, நான்கு நாட்களில் தலைவலி, எரிச்சல், களைப்பு, வாய்நாற்றம், குளிர் எடுப்பது போன்ற உணர்வு, தூக்கக் குறைவு எல்லாம் வரலாம். கல்லீரலில் இருந்த சர்க்கரைக் கையிருப்பு தீர்ந்து, உடல் கொழுப்பை எரிக்க மாறும் காலம் இது. கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள்தான் வாய்நாற்றத்துக்குக் காரணம். அவை பசியையும் ஓரளவு மட்டுப்படுத்தும். அதனால்தான் ஐந்தாம் நாளிலிருந்து பலருக்கு எளிதாகிறது.

நாளைக்கு ஆறு டீ குடித்துப் பழகியவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி கூடும். இரண்டு வாரம் தொடங்குவதற்கு முன்பே சர்க்கரையையும் எண்ணிக்கையையும் படிப்படியாகக் குறையுங்கள். மலச்சிக்கல் வருவது இயல்பு, தண்ணீரைக் கூட்டுங்கள். நாலைந்து நாளாகியும் சரியாகாவிட்டால் மருந்து கேட்டு வாங்குங்கள். பசி எடுத்ததும் முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். நேரம் தவறாமல் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எதையாவது குடியுங்கள். அகோரப் பசி வரும்வரை விட்டுவைத்தால்தான் கை தட்டை நோக்கிப் போகும்.

புகையிலை எந்த வடிவில் இருந்தாலும் விடுங்கள். பசியை அடக்க பீடி, சிகரெட்டைக் கூட்டுகிறவர்கள் உண்டு. புகை, தையல் போட்ட இடம் ஆறுவதைத் தடுக்கும், நுரையீரலில் சளி கட்டும். குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

வேலை, வெயில், ஒரே சமையலறை

தண்டையார்பேட்டை உழைப்பாளிகளின் ஊர். எண்ணெய் நிறுவனத்தின் டேங்கர் லாரி ஓட்டுகிறவர், துறைமுகத்தில் கிரேனும் ஃபோர்க்லிஃப்டும் இயக்குகிறவர், காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர், மணலி, எண்ணூர் ஆலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர் என்று பலருக்கும் இங்கே வேலை என்றாலே உடம்பை வருத்துவதுதான். 800 கலோரியில் கனமான வேலை செய்தால் தலை சுற்றும். சுற்றும் தலையோடு வண்டியோ இயந்திரமோ ஓட்டுவது உங்களுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து. முதல் வாரத்துக்காவது விடுப்போ, இலகுவான வேலையோ கேளுங்கள். மருத்துவரிடம் இதற்கென்று சான்றிதழ் வாங்கலாம். இரவு ஷிப்ட் என்றால் மேலே சொன்ன அட்டவணையை அப்படியே திருப்பிப்போட்டு, நீங்கள் விழித்திருக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயிலில் தேதி விழுந்தால் தண்ணீர்க் கணக்கு இன்னும் முக்கியம். எல்லாத் திரவங்களையும் சேர்த்து நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் பொதுவான அளவு. வெயிலில் நிற்கிறவர்களுக்கு அதற்கு மேலும் வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர் உள்ளே போகிறது. கரும் மஞ்சளாக இருந்தால் போதவில்லை.

வீட்டில் ஒரே அறை, ஒரே அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுக்கும்போது அந்த வாசனையை மறைக்க வழியில்லை. அந்த ஒரு மணி நேரம் மாடிக்கோ, கோயிலுக்கோ, நடக்கவோ கிளம்பிவிடுங்கள். வீட்டாரும் ஒத்துழைக்க வேண்டும். "ஒரு வா சோறு துன்னா இன்னா ஆயிடப் போவுது?" என்று கேட்பது பாசத்தால்தான். ஆனால் அந்த ஒரு வாய் நாலு வாயாகும், கரைந்த கையிருப்பு மறுபடி நிரம்பும். அம்மா, அண்ணி, மனைவி, கணவர் யாராக இருந்தாலும், ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது கூட அழைத்துப் போங்கள். கல்லீரல் விஷயத்தை அவர்களே நேரில் கேட்டுவிட்டால், மறுநாளிலிருந்து அவர்களே உங்களுக்குக் காவல். திருமணம், காதுகுத்து, ஆடிக்கூழ் நாள்களை முன்கூட்டிப் பார்த்து, முடிந்தால் அதற்கேற்பத் தேதி கேளுங்கள்.

மாத்திரைகளை மறக்க வேண்டாம்

இந்த இரண்டு வாரத்தில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. உணவு இப்படிக் குறையும்போது பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டால் ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கும். குறிப்பாக இன்சுலினும், கிளிமிபிரைட், கிளைபென்கிளமைட் வகை மாத்திரைகளும். திரவ உணவு தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து அளவைக் குறைத்து எழுதி வாங்குங்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் மங்கல் வந்தால் உடனே சர்க்கரையைப் பரிசோதியுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இங்கே திரவ உணவு விதி பொருந்தாது, உயிர்தான் முதலில். குளூக்கோமீட்டர் இல்லாதவர்கள் இந்த இரண்டு வாரத்துக்கு இரவலாவது வாங்கி வையுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் வேறு வகை ஆபத்து. மாவுச்சத்து குறைந்த உணவோடு சேரும்போது, ரத்தச் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பு இவற்றை நிறுத்தச் சொல்வது வழக்கம். திரவ உணவு தொடங்கும்போதே நிறுத்தச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு அழுத்தம் அதிகமாக இறங்கலாம். எழுந்து நின்றால் கண் இருட்டினால் உடனே தெரிவியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, தைராய்டு மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதையும் விடாமல் பட்டியல் எழுதிக் கொடுங்கள்.

எடை குறையப் போடும் செமாகுளுடைட், டிர்செபடைட் ஊசிகள் 2025 முதல் இங்கே பரவலாகியிருக்கின்றன. இவை இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கும். மயக்க மருந்து கொடுக்கும்போது இரைப்பையில் உணவு மிச்சமிருந்தால் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. கடைசி ஊசி எந்த நாள் போட்டீர்கள் என்பதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்த உணவு முறையைத் தொடக் கூடாது. ஆபரேஷன் எதுவும் இல்லாமல், எடை குறையட்டும் என்று இதைத் தாங்களாகப் பின்பற்றுவதும் தவறு. மயக்கம், நிற்காத வாந்தி, குழப்பம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், அரை நாளாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள், காத்திருக்க வேண்டாம்.

தவறிப்போனால்

ஒரு நாள் இட்லி தின்றுவிட்டீர்கள், அல்லது தம்பி வாங்கி வந்த அத்தோ நூடுல்ஸில் இரண்டு வாய் போட்டுவிட்டீர்கள். எல்லாம் போச்சு என்று அன்று முழுக்கச் சாப்பிடுவதும் தவறு, பரிகாரமாக மறுநாள் முழுப் பட்டினி கிடப்பதும் தவறு. அடுத்த வேளையிலிருந்து மறுபடி தொடருங்கள், ஆலோசகரிடம் சொல்லுங்கள். பல நாள் தவறிப்போயிருந்தால் ஆபரேஷனுக்கு முன் சர்ஜனுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். தேதியை ஒரு வாரம் தள்ளிவைப்பதில் அவமானம் ஏதும் இல்லை.

கடைசி இரவுக்குத் தனி விதி உண்டு. பால் தெளிந்த திரவம் இல்லை, மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். தண்ணீர் போன்ற தெளிந்த திரவத்தைப் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்பு வரை அனுமதிப்பார்கள். ஆனால் உங்கள் மருத்துவமனை சொன்ன நேரமே இறுதி.

ஆபரேஷன் முடிந்த பிறகும் முதல் இரண்டு வாரம் அனேகமாக இதே திரவங்கள்தான், இன்னும் சிறு சிறு மிடறாக. இப்போதே மெதுவாக, ஒரு தம்ளரை அரை மணி நேரம் வைத்துக் குடித்துப் பழகினால் அப்போது கைகொடுக்கும். அதன்பின் மசித்த உணவு, மென்மையான உணவு என்று படிப்படியாகப் போய், வாழ்நாள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் தொடரும்.

தேதி வாங்கும் முன்

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார், அரசு விசாரணை நடத்தியது. அந்தச் செய்திக்குப் பிறகு பலருக்குப் பயம் வந்தது நியாயமே. பயத்தால் ஒதுங்குவதைவிடக் கேள்வி கேட்பது மேல். தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா? சர்ஜன் இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்கிறவரா? இதயம், நுரையீரல், கல்லீரல் பரிசோதனைகள் முடிந்தனவா? உணவு ஆலோசகர் தமிழில், நம் சாப்பாட்டை வைத்து விளக்குகிறாரா? சந்தேகம் வந்தால் இரவில் யாரை அழைப்பது? காப்பீட்டு அட்டை இதற்குச் செல்லுமா?

தனியாரில் சொன்னதில் சந்தேகம் இருந்தால், பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்குள்ள இரைப்பை, குடல் அறுவை சிகிச்சைத் துறையில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம்.

இந்த இரண்டு வாரம் உங்கள் ஆபரேஷனின் முதல் பகுதி. அறுவை அரங்கில் நடப்பது மருத்துவரின் பொறுப்பு, இந்தப் பகுதி உங்கள் பொறுப்பு. கஞ்சியைத் தள்ளிவையுங்கள், புரதத்தையும் தண்ணீரையும் நேரத்துக்குக் குடியுங்கள், மாத்திரை அளவை முன்கூட்டியே திருத்தி வாங்குங்கள், ஏதாவது தவறிப்போனால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.